கலயத்தில் ஒரு கோடு சுண்ணாம்பு

பனை ஏறுகிறவரின் இடுப்புப் பெட்டியில் பாளை சீவும் அரிவாள் இருக்கும். கூடவே கொஞ்சம் சுண்ணாம்பும் இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவிப் பாளையில் கட்டிவிட்டு வந்தால், மறுநாள் விடியலில் இறங்குவது பதநீர். தடவ மறந்தால், அல்லது தடவ மனமில்லாவிட்டால், அதே கலயத்தில் கள். காற்றில் கலந்திருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். சுண்ணாம்பின் காரம் அதைத் தடுத்துப் பிடித்து வைக்கும். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற ஆளும் ஒருவர்தான். சுண்ணாம்பு இருந்தால் அவர் கருப்பட்டித் தொழிலாளி. இல்லாவிட்டால் மதுவிலக்கு வழக்கில் முதல் எதிரி.

தனிமனித சுதந்திரம் எங்கே முடிகிறது, அரசாங்கத்தின் கை எங்கே தொடங்குகிறது என்று மேடையில் நிறையப் பேசியாயிற்று. காந்தியம், திராவிடம், இடது, வலது என்று ஒவ்வொருவரிடமும் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. எனக்கென்னவோ அந்த எல்லையைப் பார்க்க இந்தக் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தாலே போதும் என்று தோன்றுகிறது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளில் இதற்குள் கை விடாத ஆளுங்கட்சி தமிழ்நாட்டில் இல்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் இது வெறும் வரும்படி. ஆப்காரி என்ற பேரில் கள்ளுக்கடைகளை ஏலம் விட்டார்கள், கள் இறக்கும் மரத்துக்கு வரி போட்டார்கள். எவன் குடிக்கிறான், குடித்துவிட்டு வீட்டில் என்ன செய்கிறான் என்பதெல்லாம் சர்க்காரின் கவலை இல்லை. குத்தகைப் பணம் நாள் தவறாமல் கஜானாவுக்கு வந்தால் சரி. அதனால்தான் கள்ளுக்கடை மறியல் சுதந்திரப் போராட்டமாகவே ஆனது. கடையில் ஒருவன் குடிக்காமல் திரும்பினால் சர்க்காருக்கு ஒரு காசு குறையும்.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும். காங்கிரஸ்காரராக இருந்த பெரியார், கள்ளுக்கு விடப்பட்டிருந்த தம் தோப்பின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். வீட்டு வருமானத்தைத் தம் கையாலேயே வெட்டிப் போட்ட மனிதர். அவருடைய நண்பரும் பிற்கால அரசியல் எதிரியுமான ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். எழுத்தாளர் கல்கிதான் அதில் அவருக்கு உதவியாசிரியர். கள் விஷயத்தில் பெரியாரும் ராஜாஜியும் அப்போது ஒரே கரையில் நின்றார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரான ராஜாஜி, அக்டோபர் 1 முதல் தம் சொந்தச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடைக் குத்தகை போன பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி போட்டார். இந்தியாவில் அந்த மாதிரி வரி அதுதான் முதல். இன்று எந்தப் பில்லை நீட்டினாலும் அடியில் ஒரு வரி வரி இருக்கிறதே, அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் சேலத்துக் கள்ளுக்கடை வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

அதே ராஜாஜி 1952இல் மீண்டும் முதல்வரானதும் உணவுக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக எடுத்தார். ரேஷன் இல்லை, அரிசியை எடுத்துப் போக அதிகாரியின் சீட்டு வேண்டாம். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, நேருவின் ஆட்சியைப் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று விளாசினார். குடிமகன் எதை விதைப்பான், எதை விற்பான், எந்தத் தொழில் செய்வான் என்பதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டார். ஆனால் அந்தக் குடிமகன் மாலையில் எதைக் குடிப்பான் என்பதில் மட்டும் அரசாங்கத்துக்குக் கட்டாயம் வேலை உண்டு என்பதில் கடைசிவரை அவர் அசையவில்லை. பெர்மிட்டை அவ்வளவு வெறுத்தவர் கொண்டுவந்த மதுவிலக்கில்தான், டாக்டர் சான்று காட்டிக் குடிப்பதற்குப் பெர்மிட் வாங்கும் வழக்கமும் வந்தது.

பெரியார் எதிர்த்திசையில் நடந்தார். மரத்தை வெட்டியவர் பிற்காலத்தில் மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தார். குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்தால் பிடித்துத் தண்டியுங்கள், குடிப்பதையே குற்றமாக்குவது மனிதனின் சொந்த உரிமையில் கை வைப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். இதை உடுத்து, இதைத் தின்னாதே, அதைத் தொடாதே என்ற சாத்திரத்தை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்தவருக்கு, அதே கட்டளையைச் சர்க்கார் போட்டால் மட்டும் இனிக்குமா?

இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திப் பாருங்கள். சந்தையில் சுதந்திரம் கேட்டவர் குடியில் கட்டுப்பாடு கேட்டார். குடியில் சுதந்திரம் கேட்டவரோ, சாதியையும் கோயிலையும் அரசாங்கம் தலையிட்டுத் திருத்த வேண்டும் என்றார். முழு சுதந்திரக் கட்சி என்றும் முழுக் கட்டுப்பாட்டுக் கட்சி என்றும் ஒன்று நம் ஊரில் இருந்ததே இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

போர்க்கால ஆளுநர் ஆட்சியில் தளர்ந்த மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 அன்று ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் மாகாணம் முழுமைக்கும் வந்தது. அந்த நாட்களைப் பார்த்தவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது, போலீஸ்காரர் வழிமறித்து வாயை ஊதச் சொன்ன கதையைத்தான். நடந்து போகிறவன், சந்தையிலிருந்து வருகிறவன், சும்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவன் எல்லாரும் ஊத வேண்டும். இன்றும் ஊதச் சொல்கிறார்கள். ஆனால் வண்டி ஓட்டுகிறவரை மட்டும், கையில் கருவியோடு. அன்று கேட்ட கேள்வி ‘குடித்தாயா?’ இன்று கேட்பது ‘குடித்துவிட்டு ஓட்டினாயா?’ இந்த ஒரு சின்ன மாற்றத்தில் பெரியார் கேட்டது பாதி வந்துவிட்டது என்று சொல்லலாம்.

மதுவிலக்கால் குடி நின்றதா? பணம் உள்ளவருக்குப் பெர்மிட், இல்லாதவருக்குக் கள்ளச்சாராயம். சென்னையில் வார்னிஷைக் குடித்துச் செத்தவர்களும் உண்டு. அதே சமயம், கூலிப் பணம் முழுசாக வீட்டுக்கு வந்த குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தன. அதையும் மறைக்கக் கூடாது.

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, நிதி நெருக்கடியிலும் மதுவிலக்கைத் தொடவில்லை. 1971இல் கருணாநிதி தள்ளிவைத்தார். சுற்றிலும் நெருப்பு எரிய நடுவில் கற்பூரமாக எத்தனை நாள் இருப்பது என்பது அவர் சொன்ன நியாயம். புதிதாக மதுவிலக்கு கொண்டுவரும் மாநிலத்துக்குத்தான் மானியம், ஏற்கெனவே வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இல்லை என்று டெல்லி கைவிரித்தது. 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெரியார் கடை திறப்பதை ஆதரித்தார். ஆகஸ்ட் 30இல் கடைகள் திறந்தன. மூன்றே ஆண்டுகளில், 1974இல், அதே கருணாநிதி அவற்றை மூடினார். அதைப் பார்த்து மகிழ ராஜாஜியும் இல்லை, வருந்தப் பெரியாரும் இல்லை. 1972 டிசம்பரில் ஒருவரும் 1973 டிசம்பரில் மற்றவரும் போய்விட்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்ததை விரித்துச் சொன்னால் தலை சுற்றும். திரையில் குடிக்கு எதிரான பிம்பத்தைக் காத்த எம்.ஜி.ஆர்., முதல்வராக 1981இல் கடைகளைத் திறந்தார். 1983இல் அரசின் மது வாணிப நிறுவனமான டாஸ்மாக்கைத் தொடங்கினார். 1987இன் முதல் நாளில் கள்ளையும் சாராயத்தையும் தடை செய்தார். 1990இல் தி.மு.க. மலிவு விலை மது கொண்டுவந்தது, 1991இல் ஜெயலலிதா அதை நிறுத்தினார். 2003இல் அதே ஜெயலலிதா தனியார் கடைகளை எடுத்துவிட்டுச் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் கையில் கொடுத்தார்.

அந்த 2003தான் திருப்பம். அதுவரை அரசாங்கம் தடுப்பவராகவும் வரி வாங்குபவராகவும் இருந்தது. அன்றிலிருந்து கடைக்காரராகவும் ஆனது. 2003-04இல் மதுவால் வந்த வருவாய் ரூ.3,600 கோடியைச் சற்றுத் தாண்டியது. 2023-24இல் அது ரூ.45,000 கோடிக்கு மேல். 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் மிஞ்சின. விற்கிற ஆள், மேற்பார்வை பார்க்கிற ஆள் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் வேலை பார்க்கிறார்கள். பட்டதாரிகள் நிறையப் பேர். கம்பிக்குப் பின்னால் நின்று குவார்ட்டர் எடுத்துக் கொடுக்கும் அந்த இளைஞர் எம்.ஏ. படித்தவராக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இத்தனைக்கும் நடுவில் மாறாத ஒன்று உண்டு, சட்டத்தின் பெயர். இன்றைக்கும் அது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்தான். மது விற்பனையைக் கவனிக்கும் அமைச்சருக்கு மதுவிலக்குத் துறை அமைச்சர் என்று பெயர். பாட்டிலை விற்றுக்கொண்டே, மது உடல்நலத்துக்குத் தீங்கு என்று அதன் மேலேயே அச்சடிக்கிறோம். பாத்திரக் கடைக்காரர் ஒருவர் ‘இது ஓட்டைப் பாத்திரம்’ என்று சீட்டு ஒட்டி விற்றால் சிரிக்க மாட்டோமா?

அரசாங்கமே கடைக்காரர் ஆனதில் குடிப்பவரின் சுதந்திரம் கூடியதா, குறைந்ததா? கூடியது போலத் தெரியும். 21 வயதான எவரும் பகல் 12 மணிக்கு மேல் போய் வாங்கலாம். வண்டி ஓட்டாதவரை யாரும் வாயை ஊதச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எதைக் குடிப்பது என்பதில் அவருக்கு வாய் இல்லை. 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு போதை உள்ள, காலையில் இறக்கி மாலைக்குள் குடித்து முடிக்க வேண்டிய கள் கிடைக்காது. 1987இல் போட்ட தடை அப்படியே நிற்கிறது. கள்ளில் கலப்படம் நடக்கும், கட்டுப்படுத்த முடியாது என்பது அரசுத் தரப்பின் காரணம். கலப்படப் பயம் பொய்யில்லை. ஆனால் பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பதற்காக யாரும் மாட்டைத் தடை செய்வதில்லை.

எல்லை தாண்டிப் போனால் கதை வேறு. புதுச்சேரியில் கள்ளுக்கடை உண்டு. கேரளத்தில் கள்ளுஷாப்பு உண்டு. தொழிலாளர்களுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நல நிதியும் உண்டு. பாக் நீரிணைக்கு அந்தப்புறம் யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களே கள்ளை வாங்கி விற்கின்றன, போத்தலிலும் அடைக்கின்றன. நம் பனை அங்கே போனால் கூட்டுறவு உறுப்பினர். அந்தப் பனை இங்கே வந்தால் சந்தேகக் கேஸ்.

இதில் எந்தக் கட்சியைக் கைகாட்டுவது? குஜராத் 1960இல் மாநிலமாகப் பிறந்தது முதல் மதுவிலக்கு மாநிலம். காங்கிரஸும் காத்தது, பா.ஜ.க.வும் காத்தது. பிறகு 2023 டிசம்பரில் வெளிநாட்டு முதலீட்டுக்காக எழுப்பிய கிஃப்ட் சிட்டியில் மட்டும் அங்கே வேலை செய்பவரும் வந்து போகிறவரும் குடிக்கலாம் என்று வாசலைத் திறந்தது. பக்கத்துக் கிராமத்தானுக்கு ஒழுக்கம், கண்ணாடிக் கட்டடத்துக்காரருக்குச் சுதந்திரம். பீகாரில் சோஷலிச மரபில் வந்த நிதிஷ்குமார் 2016இல் முழுத் தடை கொண்டுவந்தார். அதே ஆண்டு பாட்னா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன் வீட்டில் ஒருவர் என்ன குடிக்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம் என்ற வகையில் ஒரு நீதிபதி எழுதினார். உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. கேரளத்தில் 2014இல் காங்கிரஸ் கூட்டணி பார்களை மூடியது. பின்னால் வந்த இடதுசாரிகள் திறந்தார்கள். அரசியலமைப்பின் 47ஆம் கூறு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது. அவரவர் வசதிக்கு அந்தக் கூறைத் திறந்து மூடிக்கொள்கிறார்கள்.

‘குடிப்பது என் சுதந்திரம்’ என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. அதைச் சொல்கிற குரல் பெரும்பாலும் ஆண் குரல். சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேருமா என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் ஒரு சுதந்திரம் உண்டு. அதை எந்த அரசியல் தத்துவமும் கணக்கில் எடுத்த மாதிரி தெரியவில்லை. கட்டுப்பாடு என்றாலே அரசாங்கம்தான் போட வேண்டும் என்றும் இல்லை. கள் இறக்காதே, விற்காதே, குடிக்காதே என்று கேரளத்தில் நாராயண குரு தம் மக்களிடம் சொன்னபோது கையில் லத்தி இல்லை. நாடார் சங்கங்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் சாதியாரைக் கள் தொழிலை விட்டு விலகச் சொன்னபோதும் சட்டம் எதுவும் பின்னால் நிற்கவில்லை.

கள்ளக்குறிச்சியையும் மறந்துவிட முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அரசுக் கடை இருக்கும் ஊரில்தான் அது நடந்தது. குவார்ட்டர் விலை கட்டுப்படியாகாத கூலிக்காரருக்குப் பாக்கெட் சாராயம். உடனே சட்டத்தைத் திருத்தித் தண்டனையை ஆயுள் வரை ஏற்றி, அபராதத்தையும் கூட்டினார்கள். தண்டனை ஏறியது. அந்தக் கூலிக்காரர் சாயங்காலம் எதைக் குடிக்கலாம் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு திருத்தமும் வரவில்லை.

மறியலின் கதையும் தலைகீழானது. அன்று கள்ளுக்கடை வாசலில் நின்ற பெண்களுக்கு எதிரே நின்றது வெள்ளைக்கார போலீஸ். 2017இல் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு நடப்புக்கு வந்ததும், தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஊருக்குள் இடம் தேடின. ஊர் ஊராகப் பெண்கள் மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைப் போலீஸ் அதிகாரி ஒருவர் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. 2015இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு திரும்பவில்லை. அதே ஆண்டு டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் பாடகர் கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். மதுவை விற்கும் உரிமையைக் காக்க ஒரு பாட்டைக் கண்டு பயப்படும் இடத்துக்கு அரசாங்கம் வந்து சேர்ந்தது. என் கணக்கில், இந்தத் தொண்ணூறு ஆண்டுகளில் சுதந்திரம் உண்மையாகவே அடி வாங்கிய இடம் கலயத்தைவிட இதுதான்.

அடுத்த ஆண்டே, 2016 தேர்தலில், மதுவிலக்கு பேசாத கட்சி இல்லை. ஜெயலலிதா படிப்படியாக என்றார், தி.மு.க. சட்டம் என்றது, பா.ம.க. முதல் கையெழுத்து என்றது. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மாநாட்டு மேடையில் ஆளுங்கட்சியான தி.மு.க.வின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். கடைக்காரரே கடை முன் நடக்கும் மறியலில் வந்து உட்கார்ந்த மாதிரி. எதிர்ப்பக்கத்தில், 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்தில் நாம் தமிழர் கட்சியின் சீமான் பனை ஏறிக் கள் இறக்கினார். ஒரே நாட்டில் ஒரு கட்சி கடையை மூடு என்கிறது, இன்னொரு கட்சி மரத்தைத் திற என்கிறது. இரண்டும் உரிமைப் போராட்டம்தான்.

பனை நமக்கு மாநில மரம். 1921இல் பெரியார் தென்னையை வெட்டியபோது யாரிடமும் கேட்கவில்லை. 2021இல் வந்த வேளாண் பட்ஜெட் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது. நல்ல விதிதான், மரம் பிழைக்கும். ஆனால் ஏறுகிறவர் குறைந்துகொண்டே போகிறார். உயிரைப் பணயம் வைத்து நாளுக்கு இரண்டு தடவை ஏறி, பதநீரைக் காய்ச்சி, விறகுக்கும் செலவழித்துக் கருப்பட்டி ஊற்றினால், சர்க்கரைப் பாகு கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் விலையை அடித்துவிடுகிறது. விழுப்புரம் பக்கத்துப் பனையேறிகள் கேட்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. இறக்கிய அன்றே விற்றுக் காசு பார்க்க வழி கேட்கிறார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். குடியே கூடாது என்று எல்லாக் கடையையும் மூடினால் அது ஒரு கொள்கை. எனக்கு உடன்பாடில்லாவிட்டாலும் மதிப்பேன். குடிப்பது அவரவர் பாடு என்று விட்டுவிட்டால் அதுவும் ஒரு கொள்கை. என் பாட்டிலைக் குடி, உன் மரத்துக் கள்ளைக் குடித்தால் உள்ளே போடுவேன் என்பது கொள்கையில் சேர்த்தி இல்லை, அது வியாபாரம்.

மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் கடையின் ஷட்டர் ஏறும். அதற்கு முன்பே பனையேறி காலை ஏற்றத்தை முடித்துப் பதநீரை அடுப்பில் ஏற்றியிருப்பார். கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க வருகிற போலீஸ் பிரிவும், ஷட்டரைத் திறக்கிற டாஸ்மாக்கும் தலைமைச் செயலகத்தில் ஒரே துறைக்குக் கீழேதான் வருகின்றன: உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை.